மூன்று தசைகளிலும் ஒரே புரதங்கள் என்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

அனைவருக்கும் வணக்கம். நான் க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். தசை இழையம் பற்றிய பாடத்துக்கு வகுப்பில் ஓர் அட்டவணை தந்து மனனம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வன்கூட்டுத் தசையில் வரிகள் உண்டு, கருக்கள் பல, அது இச்சைவழி இயங்கும். இதயத் தசையில் வரிகளும் கிளைகளும் உண்டு, இச்சையின்றி இயங்கும். மழமழப்பான தசையில் வரிகள் இல்லை, கலம் கதிர் வடிவம், ஒரே கரு, அதுவும் இச்சையின்றியது. இதை அப்படியே எழுதினால் புள்ளி கிடைக்கும் என்பது தெரியும். ஆனால் மூன்றிலும் சுருக்கத்தை உண்டாக்குபவை அக்தினும் மயோசினும்தான் என்று அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. வேலை செய்யும் புரதங்கள் ஒன்றாக இருக்கும்போது உடல் ஏன் மூன்று வகைத் தசைகளை வைத்திருக்கிறது? இன்னொரு சந்தேகமும் உண்டு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் இருந்து மூச்சை இயக்கும் பிரிமென்றகடு வன்கூட்டுத் தசை, ஆகவே இச்சைவழித் தசை என்கிறார்கள். அப்படியானால் நான் உறங்கும்போது அதை இயக்குவது யார்?

உயிரியல் ஆசிரியர், வெள்ளவத்தை

பிள்ளை, உங்கள் இரண்டாவது கேள்வியே முதலாவதற்கு வழி காட்டுகிறது. சுருங்கும் முறையில் இந்த மூன்று தசைகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சுருங்கும்படி கட்டளை எங்கிருந்து வருகிறது, அந்தக் கட்டளையைக் கலத்துக்குள் நிறைவேற்றும் கல்சியம் அயன் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டில்தான் அவை முக்கியமாகப் பிரிகின்றன. அட்டவணையின் மற்ற அம்சங்களில் பெரும்பாலானவற்றை இந்த இரண்டிலிருந்தும் விளங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வன்கூட்டுத் தசையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு தசையைக் குறுக்கே வெட்டினால், தொடுப்பிழைய உறை சுற்றிய கட்டுகளும், ஒவ்வொரு கட்டுக்குள்ளும் நெருக்கமாக அடுக்கிய தசைநார்களும் தெரியும். ஒரு தசைநார் என்பது ஒரு கலம். அதன் விட்டம் 10 முதல் 100 மைக்கிரோமீற்றர் வரை இருக்கும். நீளமோ பல சென்ரிமீற்றர் போகும். முளையப் பருவத்தில் பல கலங்கள் இணைந்து ஒரே கலமாகிவிடுவதால்தான் அதற்கு இத்தனை கருக்கள். கலத்தின் நடுப்பகுதியைத் தசைச் சிறுநார்கள் முழுவதுமாகப் பிடித்துக்கொள்வதால் அந்தக் கருக்கள் மென்சவ்வை ஒட்டி ஓரத்துக்கு ஒதுங்குகின்றன. ஒவ்வொரு சிறுநாரும், சுருங்கும் சிற்றலகுகளான தசைப்பாத்துகள் வரிசையாகக் கோத்த ஒரு நீண்ட தொடர். ஓய்வில் ஒரு தசைப்பாத்து ஏறத்தாழ 2.2 மைக்கிரோமீற்றர் நீளமானது என்று கொண்டால், ஒரு சென்ரிமீற்றர் நாரில் அவை நான்காயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் மைக்கிரோமீற்றரில் ஒரு சிறு பங்குதான் குறுகுகிறது. அத்தனையும் ஒரே நேரத்தில் குறுகுவதால் நாம் கையை மடக்குகிறோம்.

குறுகும்போது இழைகளின் நீளம் மாறுவதில்லை. தடித்த மயோசின் இழைகளுக்கு இடையே மெல்லிய அக்தின் இழைகள் வழுக்கி உள்ளே செல்கின்றன. இந்தக் கருத்தை 1954 மே மாதத்தில் ஒரே சஞ்சிகையின் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஒன்றில் அன்ட்ரூ ஹக்ஸ்லியும் ரொல்ஃப் நீடர்கெர்க்கேயும், மற்றதில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். பரீட்சைக்குத் தேவையில்லாவிட்டாலும் பலரும் குழம்பும் இடம் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

ஓய்வில் அக்தினின் மீது திரோப்போமயோசின் என்ற புரதம் படிந்து, மயோசின் தலைகள் பற்றக்கூடிய இடங்களை மறைத்திருக்கும். கல்சியம் வந்து, அதனுடன் சேர்ந்திருக்கும் திரோப்போனின் என்ற புரதத்தில் இணைந்தவுடன் அந்த மறைப்பு விலகுகிறது. தலைகள் பற்றி இழுக்கின்றன. பற்றிய தலை விடுபடுவதற்கு, கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரீ.பி. மூலக்கூறு புதிதாக ஒன்று வந்து ஒட்ட வேண்டும். இதைக் கவனமாக வாசியுங்கள். ஏ.ரீ.பி. இழுப்பதற்கு மட்டும் செலவாகிறது என்று மாணவர்கள் பலர் எழுதிவிடுகிறார்கள்.

பிரிமென்றகட்டுக்கு வருகிறேன். அமைப்பிலும் கட்டளை பெறும் முறையிலும் அது முழுமையான வன்கூட்டுத் தசை. கழுத்து முண்ணாணின் 3, 4, 5 ஆம் மட்டங்களிலிருந்து வரும் நரம்பு கட்டளை கொடுத்தால் மட்டுமே அது சுருங்கும். உறக்கத்தில் அந்த நரம்பைத் தாளகதியில் தூண்டுவது மூளையின் அடிப்பகுதியிலுள்ள நீள்வளைய மையவிழையம். மூச்சைப் பிடிக்க நினைக்கும்போது அதே நரம்பின் மீது மூளைய மேற்பட்டை செல்வாக்குச் செலுத்துகிறது. ஆகவே ‘இச்சை’ என்பது நரம்பு மண்டலத்துக்குரிய பண்பு; அதைத் தசையின் பண்பாக அட்டவணையில் போட்டதால் வந்த சிக்கல்தான் உங்கள் சந்தேகம்.

மீன் வியாபாரி மகன், முகத்துவாரம்

ஆசிரியர் ஐயா சொன்ன ஏ.ரீ.பி. விடயத்தை நாங்கள் அன்றாடம் கையில் தொட்டுப் பார்க்கிறோம். பிடித்தவுடன் மீன் துவளும். சிறிது நேரத்தில் பலகை போல் விறைக்கும். வாலைப் பிடித்துக் கிடையாகத் தூக்கினாலும் வளையாது. பிறகு மெல்ல மீண்டும் தளரும். இறந்த மீனில் ஏ.ரீ.பி. உண்டாவது நின்றுவிடுகிறது, கல்சியமோ சேமிப்பிலிருந்து கசிகிறது, ஆகவே மயோசின் தலைகள் அக்தினைப் பற்றிய நிலையில் விடுபட வழியின்றி நின்றுவிடுகின்றன. பின்னர் நொதியங்கள் புரதங்களைச் சிதைக்கும்போதுதான் தளர்ச்சி வருகிறது. ஐஸில் வைத்த மீனில் விறைப்பு நீண்ட நேரம் நிற்பதால், விறைத்த மீனைத் தெரிந்தெடுப்பவர் ஏமாறுவது குறைவு. இரண்டாவது தளர்ச்சியை முதலாவது என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். செவுளைத் திறந்து பாருங்கள்.

இன்னொன்றையும் சேர்க்கலாம். பாரை மீனைத் துண்டு போடும்போது வெள்ளைச் சதைக்கு மேல், தோலுக்குக் கீழே, பக்கவாட்டில் ஒரு கருஞ்சிவப்புப் பட்டை ஓடுவது தெரியும். கெலவல்லாவிலும் சூரையிலும் அந்தக் கருஞ்சதை முள்ளந்தண்டை ஒட்டி உள்ளே ஆழமாக இருக்கும். ஓயாமல் நீந்துவதற்கு அந்தச் சிவப்புத் தசை, திடீரென்று பாய்வதற்கு மற்றது. சிவப்புத் தசையில் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினும் சக்தியை உண்டாக்கும் இழைமணிகளும் மிகுதி என்று பாடசாலையில் படித்த ஞாபகம்.

உயிரியல் ஆசிரியர், வெள்ளவத்தை

மிகச் சரி. மனிதனில் இவை தனித்தனிப் பட்டைகளாகப் பிரியாமல் ஒரே தசைக்குள் மெதுவான நார்களும் வேகமான நார்களும் கலந்து கிடக்கின்றன. நிற்கும் நிலையைக் காக்கும் கெண்டைக்காலின் ஆழமான தசையில் மெதுவான நார்கள் அதிகம். கண்ணை அசைக்கும் தசைகள் மிக வேகமானவை.

தாதி, இரவுப் பணி

கட்டளை எங்கிருந்து வருகிறது என்று ஆசிரியர் சொன்னதை ஒரே நோயாளியில் முழுவதுமாகப் பார்க்கலாம் என்பதால் எழுதுகிறேன். நான் பணியாற்றும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளி மாவட்டங்களிலிருந்து கட்டுவிரியன் தீண்டியவர்கள் வருவதுண்டு. பெரும்பாலும் இரவில் தரையில் படுத்து உறங்கியவர்கள். கடித்த இடத்தில் வீக்கமோ வலியோ பெரிதாக இருக்காது. முதலில் கண்ணிமைகள் தொங்கும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, பிறகு கழுத்தும் கைகால்களும் சோர்ந்து, இறுதியில் மூச்சே நிற்கும். அந்த நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்கி, தசைக்குச் செய்தி சொல்லும் அசற்றைல்கோலின் வெளிவராமல் செய்துவிடுகிறது. தசை பழுதடையவில்லை, அதற்குக் கட்டளைதான் போய்ச் சேரவில்லை.

அப்படிப் படுத்திருப்பவரின் மொனிற்றரைப் பார்த்தால் இதயம் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். இதயத் தசை நரம்பின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்து, நரம்பு முனைகள் மீண்டும் வளரும் வரை நாட்கணக்கில் பொறுத்திருந்தால் நோயாளி எழுந்து நடந்து போகிறார். சிலருக்குக் கண்மணிகள் விரிந்து ஒளிக்குத் துலங்காமல் நிற்கும். மூளை இறந்துவிட்டது என்று உறவினர்கள் அழத் தொடங்குவார்கள். உள்ளே அவர் நினைவுடன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கலாம். கட்டிலருகே நின்று கண்டபடி பேச வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

உயிரியல் ஆசிரியர், வெள்ளவத்தை

தாதி அம்மாவின் பதிவில் மூன்று தசைகளும் வந்துவிட்டன. கண்மணியைச் சுருக்குவது மழமழப்பான தசை; ஆனால் அந்த வகை மழமழப்பான தசைக்கு நரம்பின் உத்தரவு வேண்டும். குடலிலும் கருப்பையிலும் உள்ள வகை, கலங்களுக்கு இடையேயான சந்திகள் வழியாகத் தூண்டலைத் தானே கடத்திக்கொள்ளும். ‘இச்சையின்றியது’ என்ற ஒரே சொல்லின் கீழ் இவ்வளவு வேறுபாடு மறைந்திருக்கிறது.

இதயத் தசையின் கலங்கள் குறுகியவை, கிளைத்தவை, பெரும்பாலும் ஒரு கருவோ இரு கருக்களோ கொண்டவை. கரு நடுவில் இருக்கும். ஒரு கலம் அடுத்ததுடன் சேரும் இடம்தான் இடைபுகுந்த வட்டத்தட்டு. அங்கே இரண்டு வகை இணைப்புகள் இருக்கின்றன. தெசுமோசோம்கள் துடிப்பின்போது கலங்கள் பிய்ந்து போகாமல் பிடித்துக்கொள்கின்றன. இடைவெளிச் சந்திகள் மின் தூண்டலை அடுத்த கலத்துக்கு விடுகின்றன. இதயத் துடிப்பைத் தொடக்கும் குடாச் சோணைக் கணுவில் தானாகப் பிறக்கும் தூண்டல் இப்படித்தான் பரவுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் தடவை. தன்னாட்சி நரம்புகள் அதன் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், தொடக்கி வைப்பதில்லை. ஓய்வின்றி உழைப்பதால் கலத்தின் கனவளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழைமணிகளுக்கே போய்விடுகிறது.

ஒரு தூண்டலுக்குப் பிறகு இதயத் தசைக்கலம் ஏறத்தாழக் கால் செக்கன் வரை அடுத்த தூண்டலுக்குத் துலங்காது. வன்கூட்டுத் தசையில் அந்தக் காலம் சில மில்லிசெக்கன்கள் மட்டுமே. அதனால்தான் பையைத் தூக்கியபடி நிற்கும்போது தசை தொடர்ந்து இறுகி நிற்க முடிகிறது. இதயம் அப்படி இறுகி நின்றுவிட்டால் குருதி நிரம்ப நேரம் ஏது?

உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

நன்றி ஐயா, நன்றி அக்கா. கல்சியம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டாவது பகுதியை இன்னும் விளக்கவில்லையே. என் அம்மம்மா இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபைன் குடிக்கிறார். அது கல்சியம் உள்ளே போவதைத் தடுக்கும் மருந்து என்று பாமசியில் சொன்னார்கள். எல்லாத் தசைக்கும் கல்சியம் வேண்டுமென்றால், அம்மம்மாவின் கைகால்கள் ஏன் சோர்ந்து போகவில்லை?

உயிரியல் ஆசிரியர், வெள்ளவத்தை

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன்.

1880களின் தொடக்கத்தில் இலண்டனில் சிட்னி றிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை வெளியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்கவைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். இதயம் நன்றாகத் துடித்தது. பிறகுதான் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் அல்லாமல் குழாய் நீரில் தயாரிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. காய்ச்சி வடித்த நீரில் செய்து பார்த்தபோது துடிப்பு மங்கி நின்றுவிட்டது. இலண்டன் குழாய் நீரில் இருந்த கல்சியம்தான் இதயத்தைத் துடிக்கவைத்திருந்தது என்பதை அவர் 1883இல் வெளியிட்டார். (அம்பத்தலையிலிருந்து வரும் நமது குழாய் நீரில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி, செய்து பார்க்கத் தவளை தருவதாக யாரும் முன்வரவில்லை.)

இதயத் தசைக்கலத்தில் மின் தூண்டல் வந்ததும் மென்சவ்விலுள்ள கல்சியம் வாயில்கள் திறந்து, வெளியிலிருந்து சிறிதளவு கல்சியம் உள்ளே வருகிறது. அந்தச் சிறிதளவே உள்ளிருக்கும் முதலுருச் சிறுவலையைத் தூண்டி, அங்கே சேமித்த பெருமளவு கல்சியத்தை வெளிவிடச் செய்கிறது. ஆகவே வெளிக் கல்சியம் இல்லாவிட்டால் உள்சேமிப்பும் திறக்காது; றிங்கரின் இதயம் நின்றதற்குக் காரணம் அதுவே.

வன்கூட்டுத் தசையிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த வாயில் புரதம், மென்சவ்வு கலத்துக்குள் மடிந்து உண்டான குறுக்குக் குழாய்களின் சுவரில் இருக்கிறது. ஆனால் அங்கே அதன் பணி வேறு. மின்னழுத்த மாற்றத்தை உணர்ந்து அது தன் வடிவத்தை மாற்றுகிறது. அந்த அசைவே, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் முதலுருச் சிறுவலையின் வாயிலைத் திறந்துவிடுகிறது. வெளியிலிருந்து கல்சியம் வர வேண்டிய தேவை இல்லை. ஆகையால் அம்லோடிபைன் நுழைவை அடைத்தாலும் உங்கள் அம்மம்மாவின் கைத்தசை தன் சேமிப்பைக் கொண்டு வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாயான நாடியின் சுவரிலுள்ள மழமழப்பான தசை சேமிப்பு குறைந்தது. வெளிக் கல்சியத்தைப் பெரிதும் நம்பியிருப்பது. நுழைவு குறைந்ததும் அது தளர்கிறது, நாடி விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. அப்படியானால் இதயம் ஏன் நிற்கவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். நாடித் தசையின் மென்சவ்வு இருக்கும் மின்னழுத்த நிலையில் இம்மருந்து வாயில்களில் வலுவாக ஒட்டுகிறது. வழக்கமான அளவில் இதயத்தின் வாயில்களில் அவ்வளவாக ஒட்டுவதில்லை. அதே வகுப்பைச் சேர்ந்த வெரபமில் இதயத்தையும் நன்றாகவே மந்தப்படுத்தும். குடலின் மழமழப்பான தசையையும் தளர்த்துவதால் மலச்சிக்கல் தருவதில் பெயர் பெற்றது.

தாதி, இரவுப் பணி

அம்மம்மாவுக்குக் கணுக்கால் வீங்கினால் வைத்தியரிடம் சொல்லச் சொல்லுங்கள், தங்கச்சி. அம்லோடிபைனில் அது வழக்கமாக வருவது. தானாக நிறுத்த வேண்டாம்.

நெஞ்சு வலியுடன் வருபவருக்குத் திரோப்போனின் பரிசோதனை செய்வதும் இந்தப் பாடத்துக்குள் அடங்கும். இதயத் தசையிலுள்ள திரோப்போனின் ரீ, ஐ வகைகள் வன்கூட்டுத் தசையிலுள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை. கலம் சிதைந்து அவை குருதியில் கலந்தால், பாதிக்கப்பட்டது கைத்தசையா இதயமா என்று பிரித்தறியலாம்.

காலிமுகத்திடல் ஓட்டக்காரன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நீண்ட தூரம் ஓடிய மறுநாள் படியிறங்க முடியாமல் தொடை வலிப்பது தசையில் தேங்கும் இலத்திக்கமிலத்தால்தானே?

இயன்மருத்துவர், தெகிவளை

இல்லை. ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் குருதியின் இலத்தேற்று அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் சொல்லும் வலி மறுநாள்தான் வருகிறது, மூன்று நாள் வரையும் நிற்கும். தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போது, படியிறங்குவதும் சரிவில் ஓடுவதும் அப்படித்தான், சில தசைப்பாத்துகள் குலைகின்றன. அதைத் தொடரும் அழற்சியும் சீர்செய்தலும்தான் வலி. மசாஜ் செய்து ‘அமிலத்தை வெளியேற்றுவதாக’ச் சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

ஆசிரியரின் ஒரு கருத்துடன் எனக்கு உடன்பாடு இல்லை. இச்சை என்ற நிரல் வெறும் சிக்கல் அல்ல. சிறுநீர் அடக்க முடியாமல் வருபவருக்கு நாங்கள் பயிற்சி கொடுக்கக்கூடியது வெளிப்புற இறுக்கித் தசைக்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கும் மட்டுமே, ஏனென்றால் அவை வன்கூட்டுத் தசைகள். சிறுநீர்ப்பையின் மழமழப்பான தசையை எப்படிச் சுருக்குவது என்று யாருக்கும் கற்பிக்க முடியாது. சிகிச்சை அறையில் நான் முதலில் கேட்பது அந்த நிரலைத்தான்.

உயிரியல் ஆசிரியர், வெள்ளவத்தை

பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. அது விளைவு, காரணம் அல்ல என்பதே என் வாதம். உணவு இறங்கும் குழாயான களத்தின் மேற்பகுதியில் வன்கூட்டுத் தசை, நடுவில் இரண்டும் கலந்து, கீழே மழமழப்பான தசை. விழுங்கத் தொடங்கிய பின் எந்த இடத்திலும் நாம் அதை நிறுத்த முடிவதில்லை, மேற்பகுதியிலும்கூட.

சமையற்காரர், கொம்பனித்தெரு

பாபத் (மாட்டின் இரைப்பை) சமைப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி. மாட்டுத் தொடை இறைச்சி நன்றாக அவிந்தால் நூல் நூலாகப் பிரிகிறது. பாபத்தை எவ்வளவு அவித்தாலும் மென்மையாகுமே தவிர நூலாகப் பிரிவதில்லை. அதுவும் தசைதான் என்கிறார்கள். வரி இல்லாததுதான் காரணமா?

உயிரியல் ஆசிரியர், வெள்ளவத்தை

நீங்கள் காணும் நூல், தொடுப்பிழையம் கட்டிய நீண்ட நார்களின் கட்டு. நுணுக்குக்காட்டியில் தெரியும் வரி அதைவிடப் பல மடங்கு நுண்ணியது. ஆகவே காரணம் வரி அல்ல, நார்களின் அடுக்கு. இரைப்பைச் சுவரில் சிறிய கதிர் வடிவக் கலங்கள் வெவ்வேறு திசைகளில் படைகளாகக் கிடக்கின்றன, இடையிடையே கொலாஜன் நிறைந்திருக்கிறது.

அந்தக் கலங்களிலும் அக்தினும் மயோசினும் உண்டு, ஆனால் தசைப்பாத்துகளாக ஒழுங்குபடவில்லை. இழைகள் கலத்துக்குள் சிதறிய அடர்சிறுமணிகளிலும் மென்சவ்விலும் பொருந்தியிருக்கின்றன. முகத்துவாரத்து வலையை நாற்புறமும் இழுத்தால் ஒடுங்குவது போலக் கலம் எல்லாப் பக்கமும் ஒடுங்குகிறது. திரோப்போனின் இல்லை, கல்சியம் கல்மொடியுலின் என்ற புரதத்தில் இணைந்து, ஒரு நொதியத்தைத் தூண்டி, மயோசினில் பொசுபேற்றைச் சேர்த்த பிறகே சுருக்கம் தொடங்கும். ஆகவே மெதுவானது. ஆனால் ஒருமுறை இறுகிவிட்டால் மிகக் குறைந்த ஏ.ரீ.பி. செலவில் நெடுநேரம் அப்படியே நிற்கும். நாள் முழுவதும் இறுக்கத்தைப் பேண வேண்டிய நாடிக்கு இது பொருத்தமானது. வன்கூட்டுத் தசையால் அதைச் செய்தால் நமக்கு உணவு கட்டுப்படியாகாது.

உயர்தர மாணவி, பம்பலப்பிட்டி

அப்படியானால் கட்டளை முறை ஒரே தசையில் காலத்துக்கேற்ப மாறவும் முடியுமா?

தாதி, இரவுப் பணி

முடியும், தங்கச்சி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருமுன் பிரசவ விடுதியில் இருந்தவள் என்பதால் இதை நானே சொல்கிறேன். கர்ப்ப காலத்தில் கருப்பையின் தசைக்கலம் ஒன்று ஏறத்தாழ 50 மைக்கிரோமீற்றரிலிருந்து 500 வரை நீள்கிறது. அவ்வளவு தசை திரண்டும் மாதக்கணக்கில் அது அமைதியாக இருப்பதற்கு ஒரு காரணம், கலங்களுக்கு இடையில் இடைவெளிச் சந்திகள் மிகக் குறைவாக இருப்பது. ஒரு மூலையில் எழும் சுருக்கம் அங்கேயே அடங்கிவிடும். பிரசவம் நெருங்கும்போது அந்தச் சந்திகளும் ஒட்சிற்றோசின் என்ற ஓமோனை உணரும் வாங்கிகளும் பெருகுகின்றன. அதன் பிறகு கருப்பை முழுவதும் ஒரே அலையாகச் சுருங்கும். நரம்பு கொடுக்கும் கட்டளை அங்கே பெரிய பங்கு வகிப்பதில்லை.

குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு ஒட்சிற்றோசின் ஊசி போடுவது அதே தசையை இறுகவைக்கத்தான். நச்சுக்கொடி பிரிந்த இடத்துக் குருதிக் குழாய்கள் அந்தத் தசைநார்களின் பின்னலுக்கு ஊடாகப் போகின்றன. தசை இறுகினால் குழாய்கள் நெரிபட்டு இரத்தப்போக்கு அடங்கும். தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினால் கருப்பை உருண்டையாக, கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். மெத்தென்று இருந்தால் உடனே தடவி இறுகவைத்து, வைத்தியரைக் கூப்பிடுவோம்.